நில்

ஈசூனில் காலை ஏழு நாற்பதுக்கு
முதல் மின்தூக்கி.
புளோக்கின் உச்சியில் இயந்திர அறை, கிரீஸ் வாடை.
கம்பிவடத்தில் டார்ச் அடித்து
இழை பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.
பிறகு படிவம்.
பதினெட்டுக் கட்டத்திலும் சரி, சரி, சரி.
கடைசிக் கட்டம் மட்டும் நீளம்.
குறிப்புகள் என்று பெயர்.
பதினோரு வருடமாக அதில் ஒரே சொல் எழுதுகிறேன்:
நில்.

ஆங்கிலச் சொல்.
ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஏறி இறங்கும் தூரத்தை ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.
வருடத்துக்கு நூற்றெண்பது கிலோமீட்டர்.
மூவார் வரை போயிருக்கலாம்.
வந்து சேர்வதென்னவோ அதே தரைத்தளம்,
அதே தபால்பெட்டி வரிசை.
டிசம்பரில் எங்கே போகலாம் என்கிறாள் யசோதரா.
கிடைமட்டமாக எங்காவது, என்றேன்.
சிரிக்கவில்லை.

போன திங்கள் இரவு
மகளுக்குச் சொல்வதெழுதுதல்.
வா. போ. நட. நில்.
நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்,
ல்-லுக்கு மட்டும் புள்ளியை
நெற்றிப்பொட்டு மாதிரி அழுத்தி வைத்தாள்.

மறுநாள் காலை மழை கட்டி நின்றது.
இயந்திர அறை வாசலில் படிவத்தை முழங்காலில் வைத்துச்
சரி, சரி என்று இறங்கி வந்த கை
கடைசிக் கட்டத்தில் அதைத்
தமிழில் எழுதிவிட்டது.

என் கையெழுத்தே எனக்கு உத்தரவு போட்டது.
நின்றேன்.

கீழே கார்நிறுத்தத்தைச் சுற்றித்
தூங்குமூஞ்சி மரங்கள் இலை மூடிக்கொண்டிருந்தன.
பட்டப்பகலில்.
மழைக்கு முன்னால் கடை சாத்துகிற அவசரமில்லை,
படித்த பக்கத்தில் விரல் வைத்துப்
புத்தகத்தை மூடுகிற மாதிரி.
எங்கோ குயில்.
இந்த ஊரில் குயில் மேல் புகார் கொடுக்கலாம்,
கொடுத்தும் இருக்கிறேன்,
விடிகாலை ஐந்து மணிக்கு, நகர மன்றத்துக்கு.
அன்றைக்கு வாபஸ் வாங்கத் தோன்றியது.

எதிர்ப் புளோக்கில் தொங்குமேடையில் ஷொஹாக்.
ஒன்பதாம் மாடிச் சுவரில்
நான்கு வர்ணத்தைப் பட்டை பட்டையாகத் தீற்றிவிட்டுத்
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிற்பாடு கோப்பிக் கடையில் பார்த்தபோது
எது நன்றாயிருக்கிறது என்று கேட்டார்.
இரண்டாவது, அந்த மாம்பழ நிறம், என்றேன்.
குடியிருப்பாளர்கள் சாம்பலுக்கு ஓட்டுப் போட்டாயிற்று,
சும்மாதான் கேட்டேன், என்றார்.
சும்மா கேட்க ஓர் ஆள் இருப்பது
எவ்வளவு பெரிய விஷயம்.

அன்று மாலை பேருந்தில் இறங்கவேண்டிய இடத்தில்
இறங்கவில்லை.
அங் மோ கியோ நூலகத்தில் தமிழ் அலமாரி
சன்னலோரம், முதுகு வெளுத்த புத்தகங்கள்.
ஒன்றை உருவினேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பலதுறை மருந்தகத்தின் வரிசைச் சீட்டு, எண் 3047.
அதுவரை அங்கங்கே பென்சில் கோடு.
அதற்குப் பிறகு கோடில்லை.
அழைத்திருப்பார்கள்.
எழுந்து போயிருப்பார்.

நான் முழுதும் படித்தேன், மூன்று வாரம்.
சீட்டை நகர்த்தவில்லை.
அதே பக்கத்தில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் டியோ
படிவத்தைத் தூக்கிப் பிடித்தார்:
இதென்ன கிறுக்கல்?
ஒன்றுமில்லை, என்றேன்.
தலையாட்டிவிட்டுக் கோப்பில் சொருகினார்.

இன்றைக்கு அதே கூரை.
காற்றுப்போக்கியின் தகட்டு இடுக்கில்
வைக்கோலும் சிவப்புக் கேபிள் கட்டும்
ஒரு ஐஸ்கிரீம் உறையும் சேர்த்துக் கட்டிய கூடு.
உள்ளே மூன்று முட்டை, வெளிறிய நீலம்.
மைனா கம்பியில் உட்கார்ந்து
என்னை வாய்க்கு வந்தபடி திட்டியது.

விதிப்படி இதை எழுத வேண்டும்.
எழுதினால் நாளை மதியத்துக்குள்
கையுறை போட்ட இருவர் வருவார்கள்.

வடம் சரி. பிரேக் சரி. எண்ணெய் சரி.
குறிப்புகள்:

பேனாவை உதறினேன்.
கீழே யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.
நில்,
என்று எழுதினேன்,
புள்ளியைக் கொஞ்சம் அழுத்தி.